சாட்சி இல்லாமல் ஒரு சொல்லும் இல்லை

தலைமை ஏற்றிருக்கும் மதிப்பிற்குரிய அரிகிருஷ்ணன் ஐயா அவர்களே, ஜெபத்தோடு இந்தக் கூட்டத்தைத் தொடங்கிவைத்த போதகர் ஜோஷ்வா ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், நம் சரோஜினி அக்காவின் தம்பி ஆபேல் அண்ணன் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலைத் தாண்டி பெருங்களத்தூர் வந்து சேர்ந்திருக்கும் நண்பர்களே, உங்கள் எல்லோருக்கும் எங்கள் சனிக்கிழமை வட்டத்தின் வணக்கம்.

என் பெயர் ஷீலா. செம்பாக்கத்தில் இருக்கிறேன். இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. மேடையில் பேசிப் பழக்கமில்லாதவள். மனதுக்குள் நிறையப் பேசுவேன், வெளியே வருவது குறைவு. இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஏன் என்று யோசித்தேன். சனிக்கிழமை தோறும் அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள் நான்தான். அந்த ஒரு தகுதி போதும் என்று நினைத்துக்கொண்டு எழுந்து நிற்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர் சரோஜினி சுவிசேஷமுத்து அம்மையார் போய்விட்டார். போனவரை நினைத்து அழுவதற்காகக் கூடியிருக்கிறோம் என்று வெளியே போகிறவர்கள் நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. எடுத்த வேலையை முடித்தவருக்கு, ஒரு வரியைக்கூட விட்டுக்கொடுக்காமல் முடித்தவருக்கு, நாம் நடத்துவது வெற்றி விழா. கண்ணீர் வந்தால் வரட்டும். அது வெற்றி விழாவிலும் வருவதுதான்.

அவர் யார் என்று தெரியாத சிலரும் இங்கே இருக்கலாம். சரோஜினி அக்கா மாவட்ட நீதிமன்றத்தில் ஆங்கில ஆவணங்களைத் தமிழாக்கும் வேலையில் இருந்தவர். ஓய்வுபெற்ற பிறகு, இந்த மண்டபத்தின் மாடி அறையில் சனிக்கிழமை மாலைகளில் நம்மைப் போன்ற சாதாரண ஆட்களைக் கூட்டிவைத்து ஓர் அகராதி செய்தார். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் பொருள் சொல்லும் அகராதி. அப்படி எத்தனையோ இருக்கின்றனவே, இது எதற்கு? நானும் முதல் நாள் அதைத்தான் கேட்டேன்.

அக்கா சொன்னார்: "அதெல்லாம் இன்னொரு புஸ்தகத்தைப் பாத்து எழுதின புஸ்தகம் ஷீலா. நாம ஆளைப் பாத்து எழுதுவோம்."

அதுதான் எங்கள் வட்டத்தின் சட்டம். ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் வேண்டுமானாலும் இருக்கட்டும். நம் பகுதியில் உயிரோடு இருக்கும் மூன்று பேர் அந்தப் பொருளில் பேசி நம் காதில் விழுந்தால்தான் அது உள்ளே வரும். யார் சொன்னார், எங்கே சொன்னார் என்பதும் கூடவே அச்சாகும். அதற்கு அவர் வைத்த பெயர் சாட்சி. சொல் எங்கிருந்து வந்தது என்று எழுதினாலும் அதற்கும் சாட்சி வேண்டும். அது பழைய புத்தகமாக இருக்கலாம், கல்வெட்டாக இருக்கலாம். "எனக்குத் தோணுது" என்பது மட்டும் செல்லாது.

இது எவ்வளவு சிரமம் தெரியுமா? ஒரே ஒரு சொல்லைச் சொல்கிறேன். டேங்க். அந்த ஒரு சொல்லுக்காக நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால் அக்காவை முழுவதும் சொன்னது போல.

டேங்க் என்றால் என்ன? தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதானே? எங்கள் அடுக்ககத்தின் வாட்ச்மேன் காலையில் கத்துவார்: "மேடம், மேல் டேங்க் ரொம்பி ஊத்துது, மோட்டாரை நிறுத்துங்க." அது ஒரு பொருள். பெருங்களத்தூர் பாலத்தடியில் ஒரு மெக்கானிக், நின்றுபோன வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவரிடம் சொன்னது: "டேங்க்ல பெட்ரோல் இல்லாம வண்டி எப்படி சார் ஓடும், ஜெபத்துலயா?" அது இன்னொன்று. அதைக் கொண்டுவந்தவர் ரயில்வேயில் ஓய்வுபெற்ற எங்கள் டெனிஸ் சார். தள்ளிக்கொண்டு வந்தவரும் அவரேதான். மீன் வளர்க்கும் கண்ணாடிப் பெட்டி ஒன்று. வீட்டுக்குப் பின்னால் பூமிக்குள் இருக்கும் கழிவுநீர்த் தொட்டி ஒன்று. அதற்குச் சாட்சி கொண்டுவர எல்லோரும் கூச்சப்பட்டோம். அக்காவே லாரிக்காரரிடம் நின்று பேசிக் கொண்டுவந்தார்.

போரில் ஓடும் இரும்பு வண்டியும் டேங்க்தான். அதற்கு ஏன் அந்தப் பெயர்? முதல் உலகப் போரில் இங்கிலாந்து அந்த வண்டியை ரகசியமாகச் செய்தது. செய்கிற தொழிலாளிக்கும் தெரியக்கூடாது என்று, தண்ணீர் கொண்டுபோகிற கலம் என்று சொல்லிவைத்தார்கள். அந்தப் பொய்ப் பெயரே ஒட்டிக்கொண்டது. இதைச் சொல்லும்போது அக்கா விழுந்து விழுந்து சிரிப்பார். "பொய் சொல்லணும்னு வெச்ச பேரு, கடைசியில அதுதான் உண்மையான பேராப் போச்சு பாரு" என்பார்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நம் நாட்டு ஆங்கிலத்தில் ஒரு பொருள் இருக்கிறது. ஏரி. பழைய ஆங்கில ஆவணங்களில், நில அளவைப் படங்களில், டேங்க் என்று இருந்தால் அது பெரும்பாலும் நம் ஏரியும் குளமும்தான். இந்தப் பொருள் அக்காவின் வாழ்க்கையில் எப்படி வந்தது என்பதை அரிகிருஷ்ணன் ஐயாவின் குடும்பம் நன்றாக அறியும்.

ஐயாவின் தாயார் தாயாரம்மாள் பெயரில் ஏரிக்கரையை ஒட்டி நிலம் இருந்தது. வழக்கு வந்தது. ஆங்கில மூலப் பத்திரத்தில் வடக்கு எல்லை டேங்க் என்று இருந்தது. யாரோ முன்பு செய்த மொழிபெயர்ப்பில் அது தண்ணீர்த் தொட்டி ஆகிவிட்டது. நிலத்தின் நடுவில் பின்னாளில் கட்டிய சிமெண்டுத் தொட்டி ஒன்று இருந்தது. எதிர்த்தரப்பு அதைக் காட்டி, இவர்கள் நிலம் இதோடு முடிந்தது என்றது. பாதி நிலம் போகிற நிலைமை. ஆவணம் மறுபடி மொழிபெயர்ப்புக்கு அக்காவிடம் வந்தது. அக்கா அதே பத்திரத்தின் அடுத்த பக்கத்தைக் காட்டினார். அந்த டேங்குக்குக் கரை உண்டு, மதகு உண்டு, உபரித் தண்ணீர் வழியும் கலங்கல் உண்டு என்று எழுதியிருந்தது. தொட்டிக்கு ஏது கலங்கல்? நிலம் நின்றது.

தாயாரம்மாள் நீதிமன்ற வாசலில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம்: "எங்க ஏரியை எடுத்தாந்து தொட்டிக்குள்ள அடைச்சுட்டானுங்கம்மா. நீதான் வெளிய இட்டாந்த."

அந்த நன்றியில்தான் ஐயா தன் மண்டபத்தின் மாடி அறையைக் கொடுத்தார். அச்சுச் செலவையும் தானே ஏற்பதாகச் சொன்னார். அடுத்ததைச் சொல்ல ஐயாவிடம் முன்பே அனுமதி கேட்டேன். "சொல்லு, சொல்லு, நான் இன்னா கொறஞ்சுடப் போறேன்" என்றார். அதனால் சொல்கிறேன்.

டேங்க் என்ற சொல் எங்கிருந்து வந்தது? அறிஞர்களிடையே ஒத்த கருத்து இல்லை. நிலத்தடி நீர்த்தொட்டியைக் குறிக்கும் குஜராத்தி, மராத்திச் சொற்களிலிருந்து வந்தது என்பார்கள். குளத்தைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது என்றும் சொல்வார்கள். இரண்டும் கலந்திருக்கலாம் என்பாரும் உண்டு. அக்கா அதை அப்படியே எழுதிவிட்டு, கடைசியில் "உறுதியில்லை" என்று முடித்திருந்தார்.

ஐயா அந்தப் பக்கத்தைப் படித்தார். மாடி ஏறி வந்தார்.

"இன்னாம்மா இது? குஜராத்துன்றே, போர்ச்சுகல்லுன்றே. இங்க கீற பழவந்தாங்கல் ஸ்டேஷன் உன் கண்ணுல படலியா? தாங்கல்னா இன்னா? ஏரி. டேங்க்னா இன்னா? ஏரி. இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?"

நண்பர்களே, நேர்மையாகச் சொல்கிறேன், எங்கள் எல்லோருக்கும் உடம்பு சிலிர்த்துவிட்டது. தாங்கல், டேங்க். எவ்வளவு பொருத்தம். டெனிஸ் சார் கை தட்டியேவிட்டார். அகராதி விற்கும், பத்திரிகைகள் எழுதும், நம் சொல்தான் உலகமெல்லாம் ஓடுகிறது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். யாருக்குத்தான் ஆசை இருக்காது? அக்காவுக்கு மட்டும் இருக்காதா?

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் ஆசைதான் சார். ஆனா ரெண்டு பேருக்கு ஒரே மாதிரி மூக்கு இருந்தா அண்ணன் தம்பின்னு எழுதிட முடியுமா? பொறந்த சர்டிபிகேட் வேணுமில்ல?"

"போர்ச்சுகீஸ்காரன் சாந்தோமுக்கு வந்தானில்ல? இங்க நம்மாளு பேசினதைக் கேட்டு எடுத்துக்கினு போயிருப்பான்."

"நல்ல கேள்வி. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. தேடிப் பாக்கலாம். கிடைக்கிற வரைக்கும் எழுத மாட்டேன்."

ஐயாவுக்குக் கோபம் வந்தது. அந்த ஒரு வரியைப் போட்டால்தான் அச்சுக்குப் போகும் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அக்காவுக்கு அப்போது டயாலிசிஸ் தொடங்கியிருந்தது. இன்னும் எவ்வளவு காலம் என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. புத்தகத்தைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு இருந்த ஒரே ஆசை. ஒரு வரி. அதை எழுதினால் அடுத்த மாதமே புத்தகம் கையில் இருக்கும். எழுதாவிட்டால் அவர் காலத்தில் புத்தகமே வராமல் போகலாம்.

டெனிஸ் சார் கெஞ்சினார். "ஒரே ஒரு வரிதானே மேடம், போட்டுடுங்களேன். யாரு பாக்கப் போறாங்க?"

அக்கா சொன்னதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "எப்பவும் ஒரு வரிதான் டெனிஸ். தாயாரம்மா நிலம் போக இருந்ததும் ஒரு வார்த்தையிலதான்."

அன்று வீட்டுக்கு வந்து நீண்ட நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் எழுதியிருப்பேனா? எழுதியிருப்பேன் என்றுதான் தோன்றியது. நம்மில் பலரும் எழுதியிருப்போம். உண்மைக்கும் நமக்குப் பிடித்ததற்கும் நடுவில் நிற்கும்போது பிடித்ததன் பக்கம் சாய்வது எவ்வளவு சுலபம். அக்கா சாயவில்லை. உடம்பு சாய்ந்துகொண்டிருந்த காலத்திலும் அவர் சாயவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எங்கள் வட்டத்தின் வரலாற்றிலேயே பெரிய வெற்றி. அரிகிருஷ்ணன் ஐயா கோபித்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. சாட்சி தேடக் கிளம்பினார். சாந்தோமில் கேட்டார். எழும்பூர் நூலகத்துக்குப் போனார். கல்வெட்டு படிப்பவர்களைப் பார்த்தார். பழைய பயணக் குறிப்புகளை மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் வைத்துக்கொண்டார். கிடைத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டு நேரே டயாலிசிஸ் நடக்கும் இடத்துக்கு வந்துவிடுவார். ஊசி குத்திய கையோடு அக்கா படுத்திருப்பார், பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து இவர் வாதாடுவார். அங்கே இருந்த நர்ஸ் ஒரு நாள், "அம்மா, உங்க வீட்டுக்காரர் சண்டை போட வந்துட்டார்" என்றாராம்.

"வீட்டுக்காரர் இல்லம்மா, எதிர்த்தரப்பு வக்கீல்" என்றார் அக்கா.

ஆறேழு மாதம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை ஐயா மாடி ஏறி வந்தார். எதையும் கையில் எடுத்து வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

"மேடம், போர்ச்சுகீஸ்காரன் முதமுதல்ல கப்பல்ல வந்து கள்ளிக்கோட்டைல எறங்கினானில்ல, அந்தப் பயணத்தைப் பத்தி எழுதி வெச்சிருக்கான். அதுலயே குளத்துக்கு அந்த வார்த்தை கீது. நம்ம பக்கம் கால் வெக்கறதுக்கு முன்னாடியே அவன் வாயில கீது. சாந்தோம்ல கத்துக்கினான்னு நான் சொன்னது நிக்கல. தோத்துட்டேன்."

தன்னுடைய வாதத்தைத் தானே உடைக்கும் சாட்சியை, அதுவும் யாரும் கேட்காமலேயே, ஒரு மனிதர் கொண்டுவந்து வைத்திருக்கிறார். இதை எங்கே பார்க்க முடியும்?

அக்கா எழுந்து நின்றார். அவர் எழுந்து நிற்பதே அப்போது பெரிய காரியம். "நீங்க தோக்கல சார். எங்க யாருக்கும் கிடைக்காத சாட்சியை நீங்க கொண்டாந்திருக்கீங்க. இது உங்க பேர்ல அச்சாகும்."

"தோத்ததுக்கு எதுக்கும்மா பேரு?"

"தேடினதுக்கு சார்."

அப்படித்தான் அச்சானது. இன்று நீங்கள் அகராதியைத் திறந்து டேங்க் என்ற பதிவைப் பார்த்தால், ஏரி என்ற பொருளுக்கு நேரே தாங்கல் என்ற சொல்லும் இருக்கிறது. மூன்று சாட்சிகளில் ஒருவர் தாயாரம்மாள், ஏரிக்கரையில் சொன்னது. கீழே தோற்றம் பற்றி எழுதியிருக்கிறது: தாங்கல் என்ற தமிழ்ச் சொல்லோடு ஒலி ஒத்திருக்கிறது, உறவுக்குச் சான்று கிடைக்கவில்லை, தேடியவர் பெருங்களத்தூர் அரிகிருஷ்ணன். நம் சொல்லுக்கு உரிய மரியாதையும் அதில் இருக்கிறது. உண்மைக்கு உரிய மரியாதையும் இருக்கிறது. ஒன்றுக்காக இன்னொன்றைக் கொல்ல வேண்டியதில்லை என்று காட்டியவர் சரோஜினி சுவிசேஷமுத்து.

புத்தகம் கீழ் மண்டபத்தில்தான் வெளியானது. சக்கர நாற்காலியில் வந்தார் அக்கா. கையில் பிடித்தார், முகர்ந்து பார்த்தார், மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை யாரிடமும் கொடுக்கவில்லை. இன்று அந்தப் புத்தகம் கல்லூரி விடுதிகளில் இருக்கிறது, வக்கீல் குமாஸ்தாக்களின் மேசையில் இருக்கிறது, இதே தெருவின் ஜெராக்ஸ் கடையில் சங்கிலி போட்டுக் கட்டிவைத்திருக்கிறார்கள், யாரும் தூக்கிப் போய்விடக் கூடாது என்று. தன் சொந்த ஊரில் சங்கிலி போட்டுக் காக்கப்படும் புத்தகத்தை எழுதியவர் தோற்றவரா? மரணம் அவரிடமிருந்து எதைப் பறித்தது? வேலையைப் பறிக்கவில்லை, ஒரு வரியையும் பறிக்கவில்லை.

நண்பர்களே, இனி நாங்கள் என்ன செய்யப் போகிறோம் என்று சொல்ல வேண்டும். இந்த மாதிரிக் கூட்டங்களில் அவர் வழியில் நடப்போம் என்று சொல்வது வழக்கம். அவர் வழி என்ன என்பதைப் பார்த்தீர்கள். அதில் நடப்பதென்றால் முதல் அடி எங்கே விழ வேண்டும்?

அதே டேங்க் பதிவின் கடைசியில் அக்கா ஒரு குறிப்பு எழுதினார். வெளிநாட்டு ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு மண்ணைக் கவ்வுதல் என்றும் ஒரு பொருள் உண்டு. ஓர் ஆட்டமோ தொழிலோ அடியோடு விழுந்துவிட்டால் அப்படிச் சொல்வார்கள். "இப்பொருள் நம் பகுதியில் வழக்கில் இல்லை" என்று எழுதினார். எங்களிடமும் கேட்டார், நாங்களும் இல்லை என்றோம். நாங்கள் எல்லோரும் ஐம்பதைத் தாண்டியவர்கள், தொடப்போகிறவர்கள். எங்கள் காதில் விழாதது வழக்கில் இல்லை என்று நினைத்துவிட்டோம்.

அடக்கம் முடிந்த மறுவாரம், வட்டத்தில் புதிதாகச் சேர்ந்த ஜென்சி வந்தாள். கேளம்பாக்கத்தில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிற பெண். தயங்கித் தயங்கி, மேடம் எழுதியது தப்பு என்றாள். அவள் அலுவலகத்தில் கேட்டிருக்கிறாள். நாங்கள் நம்பவில்லை. சட்டப்படி இன்னும் இரண்டு சாட்சி வேண்டும் என்றோம். டெனிஸ் சார் கேளம்பாக்கம் பஸ்ஸில் ஏறி, கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து ஒன்றைக் கேட்டு வந்தார். நான் என் அலுவலகத்திலேயே, புதிதாகச் சேர்ந்த பத்ரி என்ற இளைஞர் போனில் பேசும்போது கேட்டேன். மூன்று சாட்சி ஆகிவிட்டது. அக்கா எழுதியது பிழை.

இதை அவருடைய இரங்கல் கூட்டத்தில் சொல்லலாமா? இரண்டு நாள் எனக்குள் போராட்டம். கடைசியில் ஆபேல் அண்ணனிடம் கேட்டேன். அவர், "சொல்லுங்க ஷீலா. அக்கா இருந்திருந்தா இந்நேரம் எனக்கு போன் போட்டு, டேய் நான் தப்பு பண்ணிட்டேன்டான்னு குஷியா கத்தியிருப்பா" என்றார்.

ஆகவே சபையோர் முன்னிலையில் உறுதி கூறுகிறேன். வரும் சனிக்கிழமை மாடி அறை வழக்கம்போல் திறந்திருக்கும். இரண்டாம் பதிப்பின் வேலை அன்று தொடங்கும். முதல் வேலை, சரோஜினி அக்காவின் பிழையைத் திருத்துவது. முதல் பதிப்பில் இருந்தது தவறு என்றே அச்சிடுவோம், மழுப்ப மாட்டோம். அவர் எழுதியதால் அது சரியாகிவிடாது என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? அவர்தான். அவருக்கு நாங்கள் போடுகிற மாலைகளில் பெரிய மாலை அந்தத் திருத்தம்.

நான் பேசியது போதும். எங்கள் வட்டத்தில் கடைசிப் பேச்சு எப்போதும் சாட்சிக்குத்தான். ஜென்சி, மேடைக்கு வாம்மா. பயப்படாதே. யார் சொன்னார், எங்கே சொன்னார், என்ன சொன்னார், அப்படியே சொல்.